பதினெட்டு வயதான மேடு

வடகால் தொகுதியில் மனிதர்களுக்கு ஓட்டு கிடையாது. இடங்களுக்குத்தான் உண்டு. குளம், முக்கு, பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வாசல், கல்லறைத் தோட்டம் என்று பெயரும் பதினெட்டு வயதும் உள்ள எந்த இடமும் வாக்காளர் பட்டியலில் சேரலாம். தேர்தல் அன்று காலையில் அவை எழுந்து வாக்குச்சாவடிக்குப் போய், வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, திரும்ப வந்து படுத்துக்கொள்ளும். ஆனைமுங்கிக் குளம் புறப்படும்போது மீன்களை மட்டும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் விட்டுவிட்டுப் போகும். தண்ணீரைக் கூடவே கொண்டுபோகும். தண்ணீர் இல்லாமல் போனால் அடையாளம் தெரியவில்லை என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மையை இடது கரையில் வைப்பார்கள். மனிதர்களுக்கு அன்றைக்கு விடுமுறை. வீட்டுக்குள் இருப்பார்கள். வீடுகளுக்கு ஓட்டு இல்லை. வீடு என்பது குடும்ப விஷயம் என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது.

இதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆராய்ந்து வருகிறவர் முனைவர் உலகம்மாள். வடகால் கலைக் கல்லூரியில் புவியியல் துறைத் தலைவர். மானுடப் புவியியலும் தேர்தல் ஆய்வும் அவருடைய துறைகள். இந்த இரண்டு பெயரும் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பேராசிரியர் என்று திருத்திப் பார்த்தார். சரி டீச்சர் என்றார்கள்.

அவருடைய முனைவர் பட்டம் ஆனைமுங்கிக் குளத்தின் வாக்களிப்புப் பழக்கம் பற்றியது. ஓட்டு ரகசியமானது, குளத்திடம் நேரே கேட்கக் கூடாது. அதனால் உலகம்மாள் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த குளத்தில் சாயங்காலம் காலை நனைத்துப் பார்ப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் பழைய ஆளுக்கே போட்டிருக்கிறது, சில்லென்று இருந்தால் மாற்றிப் போட்டிருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் மாணவர்கள் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையாகக் கரையில் உட்கார்ந்து இதைப் பயின்றார்கள். ஒரே ஒரு தேர்தலில் கணிப்பு தலைகீழாகப் போயிற்று. வெதுவெதுப்பு என்று எழுதினார், பழைய ஆள் டெபாசிட்டையே இழந்தார். பிறகுதான் தெரிந்தது, அன்று மதியம் குளத்தில் எருமைகள் கிடந்திருக்கின்றன. அதற்கப்புறம் எழுதிய எல்லாக் கட்டுரைகளிலும் எருமைகளுக்கென்று ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடுவார். தப்பு செய்தால் அதை மறைக்கிற புத்தி அவரிடம் இல்லை, வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லிவிடுவார்.

சென்னையில் வேறொரு கோஷ்டி இருந்தது. இடங்கள் மண்ணைப் பொறுத்து ஓட்டுப் போடுகின்றன, கரிசல் ஒரு பக்கம் செம்மண் ஒரு பக்கம் என்பது அவர்கள் கட்சி. ஒரு கருத்தரங்கில் உலகம்மாள் எழுந்து, "பழைய பஸ் ஸ்டாண்டும் கல்லறைத் தோட்டமும் ஒரே மண்ணுதானே, ஏன் ஒரே ஆளுக்குப் போட மாட்டேங்கு?" என்று கேட்டார். தலைவர் மதிய உணவுக்கு இடைவேளை விட்டார். சாப்பிட்டு வந்ததும் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்கள்.

மண்ணில் ஒன்றும் இல்லை, யார் வந்து நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது உலகம்மாள் கட்சி. ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருந்தால்தான் அது இடம். இல்லாவிட்டால் வெறும் தரை. இந்த இலக்கணத்தைத் தேர்தல் கையேட்டிலேயே எடுத்துப் போட்டுவிட்டார்கள். குறைந்தது மூன்று பேர் அங்கே காத்திருந்திருக்க வேண்டும். அந்த இடத்தின் பெயரை, அதனால் ஆதாயம் இல்லாத ஒருவர், யோசிக்காமல் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர் பெயர் வைக்கக் கூடாது. கடைசி விதியை உலகம்மாள் தாமாகவே கேட்டு வாங்கிச் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது குறைவு, கொள்கை அதிகம்.

இனி மேட்டுக்கு வருவோம்.

புறவழிச்சாலை வெட்டிக்கொண்டிருந்த சமயம், உலகம்மாள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நில அளவைப் பயிற்சிக்குப் போனார். சாப்பாட்டு வண்டி வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பசி மயக்கத்தில், சாலை ஓரத்தில் லாரிக்காகக் குவித்து வைத்திருந்த மண்ணை இயற்கையான மேடு என்று நினைத்து, வரைபடத்தில் அதைச் சுற்றி அழகாகச் சமவுயரக் கோடுகள் போட்டுவிட்டார். வரைபடம் அச்சாகி மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் மண்ணை அள்ள லாரி வந்தது. வரைபடத்தில் ஏறிவிட்ட பிறகு கிளம்பிப் போவது மரியாதையாக இருக்காது என்று மண் நினைத்தது. அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார்கள், சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு தடவை முயன்றுவிட்டு லாரிக்காரர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள்.

தவறு தெரிந்ததும் உலகம்மாள் திருத்தம் எழுதத் தாளும் பேனாவுமாகப் புறப்பட்டார். போய்ப் பார்த்தால், மேடு அவர் போட்ட கோடுகளின்படியே தன்னைச் சரிசெய்து வைத்திருந்தது. தெற்குச் சரிவைச் சாய்வாகவும் வடக்குச் சரிவைச் செங்குத்தாகவும் வரைந்திருந்தார், அப்படியே இருந்தது. எங்கிருந்தோ கொஞ்சம் புல் கூட வரவழைத்திருந்தது. இவ்வளவு பாடுபட்டதைப் பார்த்த பிறகு அவருக்கு மனசு வரவில்லை. அதன் மேல் உட்கார்ந்தார். உட்கார வசதியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து கல்லூரி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. குளத்தை அவர் மதித்தார், கல்லறைத் தோட்டத்திடம் பயபக்தியோடு இருந்தார், நால்ரோட்டு முக்கோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. ஆனால் இந்த மேட்டிடம் அவருக்கு இருந்தது பாசம்தான். அதற்கு வேறு பெயர் சொல்லிச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

மேட்டுக்குப் பதினெட்டு வயது ஆன வருடம், புறவழிச்சாலையை நான்கு வழியாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஒப்பந்தக்காரருக்கு மண் தேவை. பட்டியலில் பெயர் உள்ள இடத்தில் மண்வெட்டி வைக்க முடியாது, ஓட்டு இல்லாத மண்ணை யாரும் அள்ளலாம். இந்தத் தடவை கரைத்துச் சாலைக்கு அடியில் போட்டு உருளையால் அழுத்திவிடுவார்கள், அதற்கு மேல் திரும்பி வர முடியாது. உலகம்மாளோ ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். புது இடங்களுக்குத் துறைத் தலைவராகப் பரிந்துரைக் கையெழுத்துப் போட இது அவருக்குக் கடைசிப் பட்டியல். போட்டார். ஆனால் விண்ணப்பத்தில் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அந்த மேட்டை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கன என்பார்கள், அல்லது மோவாயை அந்தப் பக்கம் நீட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத் தினமும் அங்கே ஆட்டோவை நிறுத்திக் காத்திருக்கும் மைதீனிடம் உலகம்மாள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"தம்பி, சாயங்காலம் எங்க நிப்பீங்க?"

"அங்கனதான் டீச்சர்."

"அங்கனன்னா எங்கன?"

"நீங்க வந்து உக்காருவீங்கள்லா, அங்கன."

இதற்கு மேல் கேட்டால் சொல்லிக் கொடுத்தது போலாகிவிடும். உலகம்மாள் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் அவருடைய கணவர் குத்தாலிங்கம் இருந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். மனைவி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"உலகு, நீயே ஒரு பேர வச்சிற வேண்டியதான?"

"ஆராய்ச்சி பண்ணுதவ பேரு வைக்கப்படாது. நானே எழுதுன விதி."

"எழுதுனவளே அழிச்சிரேன்."

"அழிச்சா மத்த இடமெல்லாம் என்ன நினைக்கும்? நாளைக்கு அந்தக் குளம் எம் மூஞ்சில முழிக்குமா?"

குத்தாலிங்கம் யோசித்துப் பார்த்தார். அது சரிதான் என்று பட்டது. "அப்ப நான் சொல்லட்டுமா?" என்றார்.

"பொண்டாட்டிக்காகச் சொன்னா ஆதாயக் கணக்குல வந்துரும். நீங்க சாப்பிடுங்க."

இதற்கிடையில் நால்ரோட்டு முக்கு ஆட்சேபம் தெரிவித்தது. அது தொகுதியிலேயே பழைய வாக்காளர்களில் ஒன்று, தன்னை விட்டால் ஊரே இல்லை என்ற எண்ணம் உள்ளது. ஒருநாள் காலையில் தாலுகா ஆபீஸ் படிக்கட்டின் முன்னால் நான்கு சாலைகளும் வந்து குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துக் கிடந்தன. ஊழியர்கள் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். பெயரில்லாத குப்பைமேட்டையெல்லாம் தன்னோடு ஒரே வரிசையில் நிற்கவைக்கக் கூடாது என்பதுதான் ஆட்சேபத்தின் சாரம் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். ரசீது கொடுத்ததும் சாலைகள் எழுந்து போயின.

விசாரணைக்குத் தாசில்தார் இசக்கிராஜா நேரில் வந்தார். பட்டியல் திருத்தத்துக்கு அதுதான் கடைசி நாள். அன்று பொழுது அடைவதற்குள் பெயர் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. தாசில்தார் கறாரானவர், ஆனால் சிடுசிடுப்பு கிடையாது. மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், அனுமதி கேட்பது போல் லேசாகத் தட்டினார், பிறகு மேல் உச்சியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். உலகம்மாள் விதிப்படி கொஞ்சம் தள்ளி நின்றார். அதற்கும் தள்ளி ஒப்பந்தக்காரரின் லாரி இன்ஜினை அணைத்துவிட்டுப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

மைதீன் வந்து, தினமும் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அரசு மருத்துவமனை நர்ஸ் ஜெசிந்தா, தன்னை ஏற்றிப் போகும் வேனுக்காக நிற்பதாகச் சொன்னார். மூன்றாவதாக ஒரு பெரியவர், துபாயில் இருந்து வருகிற மகன் இந்த வழியாகத்தான் வருவான் என்று அவ்வப்போது வந்து நிற்பதாகச் சொன்னார். மகன் எப்போது வருகிறான் என்று தாசில்தார் கேட்டார். போன வருஷமே வந்துவிட்டான், நின்று பழகிவிட்டது என்றார் பெரியவர். தாசில்தார் குறித்துக்கொண்டார். காத்திருப்பு நிரூபணமாயிற்று.

"இத எப்படிச் சொல்லுவீங்க?" என்று மூவரிடமும் கேட்டார்.

"அங்கன," என்றார்கள் மூவரும்.

தாசில்தார் பேனாவை மூடினார்.  இத்தனை வருடப் படிப்பும் பட்டமும் இருந்தும், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று உலகம்மாளுக்குத் தன் மீதே கோபம் வந்தது. ஒரு வார்த்தை போதும். நூறு பெயர்கள் நாக்கு நுனியில் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். அது மலைக்குப் பின்னால் பாதி போயிருந்தது. மேடு எதையும் காட்டிக்கொள்ளாமல், தாசில்தாருக்குச் சரிவு குத்தாதபடி அடக்கமாக இருந்தது.

அப்போது தாசில்தாரின் போன் அடித்தது. அவர் மனைவி. மைத்துனி மகள் நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பது தள்ளி நின்ற லாரிக்காரருக்கே கேட்டிருக்கும்.

"இங்கதான்ளா, டீச்சர் மேட்டுல இருக்கேன்," என்றார் தாசில்தார். "ஆமா, டீச்சர் மேடுதான். ஒன் தம்பிய வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு."

போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு மூடிய பேனாவைத் திறந்தார்.

"பேரு சொல்லிட்டேன் போலுக்கே," என்றார்.

"ஆமா சார்," என்றார் மைதீன்.

"எனக்கு இதுல ஒரு ஆதாயமும் கெடையாது. யோசிக்கவும் இல்ல."

"இல்ல சார். பொசுக்குனு வந்துட்டு."

மைத்துனர் யாரையும் வழி கேட்காமல் மோட்டார் சைக்கிளில் நேராக அங்கே வந்து நின்றார். தாசில்தார் அதையும் ஒரு சாட்சியமாகச் சேர்த்து, காலியான கட்டத்தில் பெயரை எழுதி, வெளிச்சம் போவதற்குள் கையெழுத்துப் போட்டார். லாரி இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு வேறு மண் தேடிப் போனது.

டீச்சர் இல்லை, பேராசிரியர் என்று சொல்ல உலகம்மாள் வாயெடுத்தார். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். கூட வந்திருந்த குத்தாலிங்கம் பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

தேர்தல் அன்று மேடு விடியும் முன்பே எழுந்துவிட்டது. முதல் ஓட்டு என்பதால் சரிவுகளில் ஒரு நடுக்கம் இருந்தது. ஆராய்ச்சியாளர் வாக்காளரோடு கூடப் போகக் கூடாது. உலகம்மாள் ஒட்டியிருந்த ஒரு காகிதக் குப்பையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, போய் வா என்றார். மேடு கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், குளத்துக்கு முன்னால் வரிசையில் நின்றதாகப் பிற்பாடு கேள்விப்பட்டார். நால்ரோட்டு முக்கு அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்ததாம். குளம் தன் தண்ணீர் மேட்டின் மேல் பட்டுக் கரைந்துவிடாதபடி ஒதுங்கி நின்றதாம்.

மேடு போன இடத்தில் வட்டமாகத் தரை தெரிந்தது. காலியாக விட்டால் வேறு எதுவாவது வந்து உட்கார்ந்துவிடும். ஒரு தேர்தலில் ரேஷன் கடை வாசல் திரும்பி வந்து பார்த்தபோது அங்கே ஒரு எருக்குழி படுத்திருந்தது, வழக்கு இன்னும் நடக்கிறது. அதனால் உலகம்மாள் வட்டத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

பக்கத்துத் தொகுதியில் மனிதர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே இடங்கள் இடத்திலேயே இருக்கும். அதனால் விடுமுறையிலும் அங்கே பெண் கொடுத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று சிலர் பஸ் பிடிக்க வந்தார்கள். வழக்கமான மேட்டைக் காணவில்லை. உலகம்மாள் நிற்பதைப் பார்த்ததும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நர்ஸ் ஜெசிந்தா டியூட்டிக்குப் போக வேனுக்காக அவர் பக்கத்தில் நின்றார். ஒருவர் சைக்கிளை அவர் தோளில் சாய்த்து வைத்துவிட்டுப் பீடி வாங்கப் போனார். வெயில் ஏறியதும் ஒரு கைக்குழந்தைக்காரி அவர் நிழலில் உட்கார்ந்தாள். உலகம்மாளுக்குக் கால் வலித்தது. ஆனால் நகர்ந்தால் சைக்கிள் விழும், நிழலும் போய்விடும். நின்றார். இவ்வளவு பேர் பக்கத்தில் இருக்க, பேசாமல் நின்றிருப்பது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

சாயங்காலம் மேடு திரும்பி வந்தது. இடது சரிவில் புது மை பளபளத்தது. வட்டத்தின் நடுவில் உலகம்மாள் நிற்பதைப் பார்த்ததும், அவரை இடிக்காமல் பக்கத்தில் ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. யாருக்குப் போட்டது என்று அவர் கேட்கவில்லை, காலை வைத்துப் பார்க்கவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே இல்லாமல் ஒரு தேர்தல் அவருக்குக் கழிந்தது அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்திருந்தது.

ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். கல்லூரியில் சந்தன மாலை போட்டார்கள். முதல்வர் உரையாற்றினார், எருமை அடிக்குறிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தார்.

மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினார். குத்தாலிங்கம் குடையை எடுத்து நீட்டினார், அவர் வேண்டாம் என்றதும் திரும்ப மாட்டிவைத்தார். உலகம்மாள் மேட்டுக்குப் பக்கத்தில், அன்று நின்ற அதே வட்டத்தில் போய் நின்றார்.

கிழக்கே இருந்து டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் விசிலை ஊதினார்.

"டீச்சர் மேடெல்லாம் எறங்கு."

நாலைந்து பேர் இறங்கினார்கள். பஸ் புறப்பட்டு ஒரு பத்தடி தள்ளி மறுபடி நின்றது.

"டீச்சர் எறங்குதவங்க வாங்க. மூடையப் பாத்து எறக்குங்க."

ஒரு நடுத்தர வயதுப் பெண்ணும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். மூட்டையை உலகம்மாளின் காலடியில் வைத்தார்கள். அப்பா கிழக்கே திரும்பி, யாரோ வர வேண்டியிருப்பதால் சாலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் முகத்தில் வெயில் விழுந்தது. உலகம்மாள் கொஞ்சம் இடது பக்கமாக நகர்ந்து நின்றார்.